அம்மாவுக்குச் சுகமில்லை

பலெர்மோ
21.08.1994

இயேசு மரி சூசை

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கச்சி எமிலியானா எழுதுவது. நானும் இவரும் அமலினியும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். நீங்கள் சுகமா? எல்லாக் கடிதத்திலும் கேட்கிற கேள்விதான், ஆனால் இந்த முறை பதில் வேண்டும் என்று கேட்கிறேன்.

லிபெர்த்தா வீதியில் நான் வேலை செய்கிற வீட்டில், மத்தியானச் செய்தி போகும் நேரம் நான் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருப்பேன். நேற்று "அல்ஜியர்ஸ்" என்று காதில் விழுந்தது. நுரைக் கையோடு ஓடிப்போய் நின்றேன். எரிந்த பஸ் ஒன்று, தரையில் ஒரு சப்பாத்து. தேர்தலை நிறுத்திய இராணுவம் ஒரு பக்கம், மலைக்குப் போன ஆயுதக்காரர் மறுபக்கம், நடுவில் சனம். வெளிநாட்டவர் எல்லாரும் வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் சாவுதான் என்று அறிவித்திருக்கிறார்களாம். வீட்டுக்காரச் சினியோரா என்னைத் திரும்பிப் பார்த்தார். "உன்ர அக்கா அங்கை எல்லோ இருக்கிறா? இன்னும் ஏன் இருக்கிறா?" என்றார். எனக்கு என்ன தெரியும்?

நீங்கள் சொன்னபடி, உங்களோடு இருக்கிற சிஸ்டர் அசுந்தாவின் தம்பி கயேத்தானோவைப் பார்க்க ரயிலில் பகேரியாவுக்குப் போனேன். மனைவி செத்து, தனியே இருக்கிறார். தன் அக்கா அனுப்பிய கடிதத்தை வாசித்துக் காட்டிவிட்டு, "எல்லாம் நல்லம் எண்டுதான் எழுதுவா. முப்பது வருசமா இதைத்தான் எழுதுறா" என்றார். உங்கள் கடிதங்களும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை.

அம்மா மடு அகதி முகாமில் சுகம். பாதர் ஒருவர் கொழும்புக்கு வந்தபோது தபாலில் போட்ட கடிதம் கிடைத்தது. கொட்டில் ஒழுகுகிறதாம், வாய் மட்டும் குறையவில்லையாம்.

இவர் எங்கள் பங்குச் சுவாமியோடு கதைத்துவிட்டார். நீங்கள் வந்தால் இங்கே தங்க பெர்மெஸ்ஸோ எடுக்க அவரே குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோருக்கு வருவார். பெட்டியைக் கட்டுங்கள்.

உங்கள் செபத்தை வேண்டும்,
எமிலியானா


அல்ஜியர்ஸ்
12.09.1994

என் அன்புத் தங்கச்சி எமிலிக்கு,

கடிதம் கிடைத்தது. மூவரும் சுகமாக இருப்பது சந்தோசம். நானும் சுகமே.

நீ ரீவியைப் பார்த்துவிட்டு எழுதுகிறாய். ரீவிக்காரன் எரியாத பஸ்ஸைக் காட்டமாட்டான். இங்கே சனம் பாண் வாங்குகிறது, பிள்ளை பெறுகிறது. போன கிழமை மட்டும் நாலு பிரசவம் பார்த்தேன். ஒரு குழந்தைக்கு என் பெயரை வைக்கப் போவதாகத் தாய் சொன்னாள். மாமியார் முழுசிய முழுசலில் கைவிட்டுவிட்டாள்.

பக்கத்து வீட்டு மலீக்கா பள்ளிக்கூட ரீச்சர். அவளின் தகப்பன் பிரெஞ்சுக்காரனோடு சண்டை போட்டவர். "அப்பா ஆக்கள் புரட்சி செய்து நாட்டை எடுத்துத் தந்தவை. நாங்கள் இப்ப பின்னேரம் நாலு மணிக்குக் கதவைப் பூட்டுறம்" என்று சொல்லிச் சிரிப்பாள். எங்களுக்குப் பழக்கமான சிரிப்புத்தான்.

ஒரு விசயம். எங்கள் சபைத் தாயார் எல்லாருக்கும் ஒவ்வொரு கடதாசி தந்திருக்கிறார். இருக்கிறேன் அல்லது போகிறேன் என்று ஒக்ரோபர் முப்பத்தொன்றுக்குள் அவரவர் எழுதிக் கொடுக்க வேண்டும். வற்புறுத்தல் இல்லை. சிஸ்டர் அசுந்தா கதிரையில் இருக்கக்கூட இல்லை, நின்றபடியே "இருக்கிறேன்" என்று எழுதிவிட்டு வெங்காயம் உரிக்கப் போனார். என் கடதாசி வெறுமையாகக் கிடக்கிறது. அசுந்தா எழுதியதைத்தான் நானும் எழுதுவேன், அம்மா இல்லையென்றால். கிறிகோரியை ஷெல் அடித்தபோது அம்மா எப்படி இருந்தார் என்று உனக்குத் தெரியும். தம்பியைப் புதைத்தவரிடம் என்னையும் புதை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஒன்றுதான் கையைப் பிடித்து வைத்திருக்கிறது.

நீ பயப்படாதே. அமலினிக்கு முத்தம்.

உன் அக்கா,
அகஸ்ரீனா


பலெர்மோ
25.09.1994

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்கள் சுகம் கேட்கவில்லை, கேட்டால் சுகம் என்றுதான் எழுதுவீர்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் இங்கே மாபியாக்காரர் நீதவான்மாருக்குக் குண்டு வைத்தபோது நீங்கள் எனக்கு என்ன எழுதினீர்கள்? "பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கேயாவது போ" என்று எழுதினீர்கள். அந்தக் குண்டு நீதவானுக்கு வைத்தது, கோப்பை கழுவுகிறவளுக்கு அல்ல. அங்கே உங்களுக்கென்றே சொல்லி வைத்திருக்கிறான். நான் ஓட வேண்டும், நீங்கள் இருக்க வேண்டும். நல்ல நியாயம்!

பள்ளிக்கூடத்தில் அமலினியிடம் குடும்பப் படம் கீறச் சொல்லியிருக்கிறார்கள். உங்களைக் கறுப்பு மையால் கீறியிருந்தாள். "சிஸ்டர் பெரியம்மாவின்ர உடுப்பு வெள்ளை எல்லோ" என்றேன். "ரீவியில அங்கை எல்லாரும் கறுப்பு, மம்மா" என்றாள். ஏழு வயதுப் பிள்ளை, அக்கா.

அந்தக் கடதாசியில் "போகிறேன்" என்று எழுதுங்கள். ஒரு சொல்.

எமிலியானா


அல்ஜியர்ஸ்
08.10.1994

அன்புத் தங்கச்சிக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் அப்படியே இருக்கச் செபிக்கிறேன்.

முகவரி மாற்றம் ஒன்று. இனி உறையில் "சிஸ்டர்" என்று எழுதாதே. என் பெயரும் வேண்டாம். மலீக்காவின் பெயரைப் போட்டு அவள் வீட்டு இலக்கத்தை எழுது, அவள் கொண்டுவந்து தருவாள். தொலைபேசியையும் துண்டித்துவிட்டோம், வேண்டாத அழைப்புகள் வருகின்றன. வாசலில் இருந்த சிலுவையை அசுந்தா கழற்றிக் குசினியில் கொழுவியிருக்கிறார். "இஞ்சை எண்டாலும் அவர் எங்களோடை சாப்பிடுவார்" என்கிறார்.

மலீக்காவின் பள்ளிக்கூடம் மூடியிருக்கிறது. அதன் அதிபர் இல்லை. ஏன் இல்லை என்று கேட்காதே.

நாங்கள் இப்போது நீளப் பாவாடையும் தலைத்துணியுமாக அயலட்டைப் பெண்களைப் போலத்தான் போகிறோம். அதுவும் அவசியத்துக்குத்தான். என் எழுத்துக் கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள், மேசை ஆடுகிறது.

கடதாசி இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

அக்கா


பலெர்மோ
20.10.1994

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் சுகம். ஆனால் மனம் சரியில்லை.

மடுவிலிருந்து செய்தி வந்திருக்கிறது. அம்மாவுக்குச் சுகமில்லை. கடுமையாம். உங்களைத்தான் கேட்கிறாராம். விபரமாக எழுத எனக்குக் கை ஓடவில்லை. கிடைத்த கப்பலில் உடனே புறப்பட்டு இங்கே வாருங்கள். இரண்டு பேரும் சேர்ந்து கொழும்புக்குப் போவோம். இவர் லீவுக்குச் சொல்லிவிட்டார்.

தாமதிக்க வேண்டாம், அக்கா.

எமிலியானா


அல்ஜியர்ஸ்
31.10.1994

என் அன்பு எமிலிக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. மலீக்கா தந்துவிட்டுப் போகாமல் நின்றாள். முகத்தைப் பார்த்திருப்பாள்.

என் செல்லம், நீ மறைக்க வேண்டாம். எங்கள் வீடுகளில் சாவை யார் நேரே எழுதினார்கள்? எண்பத்தாறில் நான் ரோமில் படித்துக்கொண்டிருந்தபோது "அப்பாவுக்குக் கடும் சுகமில்லை, உடனே வா" என்றுதான் கடிதம் வந்தது. நான் வந்து இறங்கியபோது அப்பாவைப் புதைத்து ஒன்பது நாள். கிறிகோரிக்குக் கையில் காயம் என்று எழுதினீர்கள். நீ விபரம் எழுதாமல் விட்ட இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. அம்மா போய்விட்டார். தனியே அழுதுகொண்டு, அக்கா தாங்கமாட்டா என்று மெல்ல எழுதியிருக்கிறாய். உன்னைக் கட்டிப்பிடிக்க முடியவில்லையே என்பதுதான் என் கவலை.

நேற்று முழுக்க அழுதேன். அசுந்தா பக்கத்தில் இருந்து செபமாலை சொன்னார். இன்று காலை எழும்பி அந்தக் கடதாசியை எடுத்தேன். தடுத்து வைத்திருந்த ஒன்றும் இப்போது இல்லை. "இருக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டேன். கோபிக்காதே. என்னைப் புதைக்க இனி அம்மா இல்லை.

முப்பத்தோராம் நாள் பூசையை விடமுடியாது. அம்மா போன நாள் தெரியாதபடியால் உன் கடிதத்துத் திகதியை வைத்து எண்ணினேன். நவம்பர் 19, சனிக்கிழமை காலை. சிற்றாலயம் இருபது நிமிட நடை. பாதர் இதற்கென்றே வர ஒத்துக்கொண்டிருக்கிறார். நானும் அசுந்தாவும் நடந்து போவோம்.

நீயும் அன்றைக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்து.

உன் அக்கா,
அகஸ்ரீனா


பலெர்மோ
09.11.1994

அக்கா,

அம்மா உயிரோடு இருக்கிறார்.

அம்மா உயிரோடு இருக்கிறார். இன்னொருமுறை வாசியுங்கள். சுகமில்லை என்பதும் பொய். மடுவிலிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. நான்தான் எழுதினேன். எங்கள் வீட்டுக் குசினியில் இருந்து, இவருக்கும் சொல்லாமல் எழுதினேன். கடைசியாக வந்த செய்தி, மடுவில் நிவாரண அரிசி நாறுகிறது என்று அம்மா யாரோ அதிகாரியோடு சண்டை பிடித்தார் என்பதுதான். சண்டை பிடிக்கிறார், அக்கா. எழுபத்தொரு வயதில்.

அம்மா ஒருவர்தான் உங்கள் கையைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று எழுதினீர்கள். அந்தக் கையால் உங்களை இழுத்து எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். நீங்கள் அதைச் சாவாக எடுப்பீர்கள் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அப்பா செத்தபோது அந்தக் கடிதத்தை எழுதியதே நான்தான்! என் கையெழுத்தில்தான் வந்தது. அப்படியிருந்தும் யோசிக்கவில்லை. மூளை எங்கே போனது?

உங்கள் கடிதத்தை இவர் வாசித்துவிட்டு, "நீ என்ன வேலை பாத்தனி?" என்று கேட்டார். அதற்குப் பிறகு இன்னும் கதைக்கவில்லை.

தபால் கந்தோருக்குப் போய்த் தந்தியும் கொடுத்தேன். எது முதலில் வருகிறதோ தெரியாது. பூசைக்குப் போகாதீர்கள். அந்த இருபது நிமிடம் நடக்காதீர்கள். உயிரோடு இருக்கிற அம்மாவுக்கு முப்பத்தோராம் நாள் பூசை செய்தால் அவருக்கே கூடாது. எழுதிக் கொடுத்த கடதாசியைத் திருப்பி வாங்குங்கள். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். சுவாமி பொறுத்தல் தந்தார். எனக்கு அது போதவில்லை, நீங்கள் ஒரு வரி எழுதுங்கள்.

எமிலி


பலெர்மோ
20.11.1994, ஞாயிறு

அக்கா,

யாருக்கு எழுதுகிறேன் என்று தெரியாமல் எழுதுகிறேன்.

இன்று மத்தியானம் ரீவியில் சொன்னான். அல்ஜியர்ஸில் நேற்றுக் காலை பூசைக்குப் போன கன்னியாஸ்திரி ஒருவரைத் தெருவில் சுட்டுவிட்டார்கள். பெயர் சொல்லவில்லை. நாடு சொல்லவில்லை. பிறகு உதைபந்தாட்டம் போட்டான். நான் ரீவியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினேனாம், அமலினி கத்தினாளாம். எனக்கு ஞாபகம் இல்லை.

நேற்றுக் காலை. பூசைக்கு.

என் கடிதம் வந்து சேர்ந்ததா? ஒருவர் என்றான். நீங்கள் இரண்டு பேராகப் போவதாக எழுதினீர்கள். ஒருவர் என்றால் மற்றவர் எங்கே? இவர் சுவாமியிடம் ஓடியிருக்கிறார், அவர் ரோமுக்குத் தொலைபேசி எடுக்கிறார். நான் கதவைப் பார்த்துக்கொண்டு இதை எழுதுகிறேன். ஏதாவது செய்யாவிட்டால் விசர் பிடித்துவிடும்.

21ஆம் திகதி. காலையில் சினியோரா பத்திரிகையை விரித்துப் படத்தைக் காட்டினார். கண்ணாடி போட்ட வயதான முகம். பகேரியாவைச் சேர்ந்தவர் என்று எழுதியிருந்தது. நீங்கள் இல்லை.

நான் நிலத்தில் இருந்து "ஆண்டவரே நன்றி" என்று சொன்னேன். உரத்துச் சொன்னேன். பத்திரிகையில் அந்த முகம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பிறகுதான் நான் எதற்கு நன்றி சொன்னேன் என்று விளங்கியது.

எழுதுங்கள்.

எமிலி


அல்ஜியர்ஸ்
27.11.1994

தங்கச்சிக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள்.

உன் கடிதம் சனிக்கிழமை காலையில் வந்தது. நானும் அசுந்தாவும் தலைத்துணி கட்டிப் புறப்பட்டு நின்றோம். கதவைத் திறக்க மலீக்கா உறையோடு நிற்கிறாள். நின்றபடியே உடைத்து வாசித்தேன். முதல் வரியோடு கால் மடிந்து கதவடியில் இருந்துவிட்டேன். சிரித்தேன், அழுதேன், இரண்டும் சேர்ந்து வந்தது. அசுந்தாவுக்கு விளங்கப்படுத்தவே எனக்கு வெகுநேரம் எடுத்தது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "உங்கட ஆக்கள் எங்கட சிசிலிக்காரரை விட மோசம்" என்றார்.

என்னால் எழும்ப முடியவில்லை. பாதர் எங்களுக்காக ஆபத்தில் வந்து காத்திருப்பார். "நீ இரு, தண்ணி குடி. உயிரோடை இருக்கிற மனுசிக்குச் செத்த பூசை வைக்கேலாது. நான் போய்ப் பாதரிட்டைச் சொல்லி நன்றிப் பூசையா மாத்துவிக்கிறன்" என்று சொல்லிவிட்டு அசுந்தா தனியே போனார். சிற்றாலயத்துக்கு முந்திய மூலையில் இரண்டு வெடி. செய்தி வந்ததும் மலீக்காதான் என்னை முந்தி ஓடினாள். தன் மேலங்கியைக் கழற்றி அவரை மூடிவிட்டு, அந்தத் தெருவில் தலை திறந்தபடி நின்றாள். அவளுக்காகவும் எனக்குப் பயமாக இருக்கிறது. தந்தி மூன்று நாள் கழித்து வந்தது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அம்மா செத்துவிட்டார் என்று நம்பியிருந்த அந்த இருபது நாளும் எனக்குப் பயமே இருக்கவில்லை. அது விசுவாசம் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். விசுவாசம் அல்ல. உன் கடிதத்தை வாசித்ததும் பயம் முழுதாகத் திரும்பி வந்தது. கால் மடிந்தது அதனால்தான். நான் கதவடியில் பயந்துபோய் இருந்தேன், அசுந்தா எனக்குப் பதிலாக நடந்தார்.

உன் பொய் இல்லாவிட்டால் அன்றைக்குப் பூசையே இல்லை. உன் உண்மை வராவிட்டால் நானும் அவர் பக்கத்தில் நடந்திருப்பேன். உன்னைத் திட்டுவதா, உனக்கு நன்றி சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் இரண்டும் எழுதவில்லை.

வீட்டை மூடிவிட்டார்கள். மலீக்காவையும் கூட்டிக்கொண்டு போகக் கேட்டேன், இது தன் ஊர் என்று மறுத்துவிட்டாள். நான் வெள்ளிக்கிழமைக் கப்பலில் பிரான்சுக்கு, மார்செய்யில் உள்ள சபை வீட்டுக்குப் போகிறேன். அங்கிருந்து ரயிலில் பலெர்மோ, டிசம்பர் 20 செவ்வாய் காலை. அசுந்தாவை இங்கேயே அடக்கம் செய்தோம், அவர் எழுதி வைத்தபடி. அவருடைய மூக்குக்கண்ணாடி என்னிடம் இருக்கிறது, தம்பியிடம் கொடுக்க வேண்டும். அதற்குள் நீ அவரைப் போய்ப் பார். என்ன சொல்வது என்று நான் சொல்லித் தரமாட்டேன்.

அகஸ்ரீனா


பலெர்மோ
11.12.1994

அன்புள்ள அக்காவுக்கு,

மார்செய் முகவரிக்கு எழுதுகிறேன். மூவரும் இருக்கிறோம். நீங்கள் சாப்பிடுகிறீர்களா?

பகேரியாவுக்கு இரண்டு தரம் போனேன். முதல் தரம் வீடு நிறையச் சனம். கயேத்தானோ என்னைக் கண்டதும் எழும்பி வந்து கையைப் பிடித்து, எல்லாருக்கும் "இது அசுந்தாவோடை இருந்த சிஸ்டரின்ர தங்கச்சி" என்று சொல்லித் தன் பக்கத்தில் இருத்தினார். கோப்பி தந்தார்கள், குடித்தேன். எல்லாரும் என் கன்னத்தில் கொஞ்சினார்கள். வாயைத் திறக்காமல் ரயில் ஏறி வந்தேன். வீட்டுக்கு வந்து குடித்த கோப்பியைச் சத்தி எடுத்தேன்.

நேற்று மறுபடி போனேன். இவரும் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். கயேத்தானோ தனியே இருந்தார். இருக்கச் சொன்னார், நான் இருக்கவில்லை. நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்குச் சுகமில்லை என்று எழுதியது, நீங்கள் நம்பியது, பூசைக்கு ஒழுங்கு செய்தது, என் கடிதம் வந்தது, அசுந்தா தனியே போனது, எல்லாம். என் இத்தாலியன் உங்களுக்குத் தெரியும்தானே, பயத்தில் பாதி தமிழாக வந்தது. பொலிசுக்குச் சொல்வாரோ, அடிப்பாரோ, என்ன செய்தாலும் நிற்பது என்று நின்றேன்.

அவர் கடைசி வரை கேட்டார். பிறகு, "சாகேக்கை என்ர அக்கா என்ன சொல்லப் போய்க்கொண்டிருந்தவ?" என்று கேட்டார்.

"என்ர அம்மா உயிரோடை இருக்கிறா எண்டு பாதரிட்டைச் சொல்லப் போனவ" என்றேன்.

"சந்தோசமாவோ போனவ?"

"சிரிச்சுக்கொண்டு போனவ எண்டு அக்கா எழுதினவ."

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் தொடப் பயந்து நின்றேன். அழுது முடிந்ததும் முகத்தைத் துடைத்துவிட்டு, "உன்ர அம்மாவின்ர பேர் என்ன?" என்றார். றோசமலர் என்றேன். அவருக்கு வாயில் வரவில்லை. எழுதித் தரச் சொன்னார், இத்தாலிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வெளிக்கிடும்போது, செவ்வாய்க்கிழமை ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஏழு மணிக்கு என்றேன். தானும் ஸ்ரேசனுக்கு வருவதாகச் சொன்னார்.

அம்மாவுக்கு இதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. எழுதுவதா விடுவதா என்று நீங்கள் வந்து சொல்லுங்கள். இனி நானாக ஒன்றும் எழுதமாட்டேன்.

நீங்கள் வரவேண்டும் என்றுதான் இவ்வளவும் செய்தேன். இப்போது வருகிறீர்கள். இவர் உங்களுக்கு அறையை வெள்ளையடித்திருக்கிறார், அமலினி நாள் எண்ணுகிறாள். நான் மட்டும் கலண்டரைப் பார்ப்பதில்லை. ரயிலால் இறங்கியதும் என்னைத் திட்டுங்கள், அக்கா. கயேத்தானோ நிற்கிறார், சனம் பார்க்கிறது என்று யோசிக்க வேண்டாம். என்னைப் பார்த்து, "எப்பிடிச் சுகம்?" என்று கேட்டுவிடாதீர்கள். அதற்குத்தான் பயமாக இருக்கிறது.

உங்கள் தங்கச்சி,
எமிலியானா